உப்புச் சுரங்கத்துக்குள் போனது நான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்புச் சுரங்கத்துக்குள் போனது நான். என் ஓரகத்தி இல்லை. நான் உள்ளே போய்த் திரும்பி வருகிறவரை அவள் வாசலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நகரிப் பக்கத்தில் இன்றைக்கு இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். என் வயிற்றில் பிறந்ததுகளே, "சும்மா இரும்மா, பெரியம்மாதான போனாங்க, அவங்க சொல்லி எத்தினி தபா கேட்டிருக்கோம்" என்கின்றன. எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கரும்பும் வேர்க்கடலையும் பயிர் வைத்தார்கள். மாமியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரையும் ஆண்டார். நான் திருத்தணிப் பக்கத்துக்காரி. தமிழைத் தவிர வேறொன்றும் வாயில் நுழையாது. அக்காவோ சித்தூர் டவுன். அவள் நைனாவுக்கு அங்கே கடைத்தெருவில் மளிகைக்கடை. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பாள், கேட்கிறவர்கள் இரண்டு பாஷைக்கும் சேர்த்துத் தலையாட்டுவார்கள். நான் வைக்கிற குழம்பு அவள் வைப்பதைவிட நன்றாக இருக்கும், இதை மாமியாரே ஒத்துக்கொள்வார். ஆனால் பரிமாறுகிறவள் அவள். ஏதாவது ஒரு வேடிக்கையைப் பேசிக்கொண்டே பரிமாறுவாள். கை கழுவிக்கொண்டு எழுகிறவர்கள், "பெரியவ கைப்பக்குவமே தனி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வரும்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகிச் சில வருஷங்கள் கழிந்த சமயம் அது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நிற்குமா, மதராஸோடு சேருமா என்று ஆண்களுக்கு விடிந்தால் எழுந்தால் அதே பேச்சு. ரயிலடியில் எல்லை, வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் எல்லை, இலையில் சோறு விழுந்தால் அப்போதும் எல்லை. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மூத்தார், ஒரு கூட்டம் விடாமல் போய்க் கத்திவிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வருவார். அந்த வருஷம் கரும்பு நன்றாக வந்திருந்தது. ஒரு நாள் அவர், "ராஜ்ஜியம் எதுவானா ஆவட்டும், நாம காசிக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றார். திருப்பதியில் ஒரு காண்டிராக்டர் யாத்திரை ஸ்பெஷல் ரயில் விட்டுக்கொண்டிருந்தார். சமையல்காரர், பாத்திரம் பண்டம் எல்லாம் ரயிலோடு வரும். அண்ணன் தம்பி, அவரவர் பெண்டாட்டி என்று நாலு பேருக்கு இடம் சொல்லியாயிற்று. மாமியாரைக் கூப்பிட்டதற்கு, "மாடு கன்னு போடற நேரம். எனுக்குக் காசி இங்கயேதான்" என்று சொல்லிவிட்டார்.

காசி பார்த்தோம், ஹரித்வார் பார்த்தோம். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை, அவை எல்லோருக்கும் கிடைக்கிறவை. வடக்கே மலைப் பக்கத்தில் ஜ்வாலாமுகி அம்மனைப் பார்த்த பிறகு, எங்களைக் கூட்டிப்போன திருப்பதிக்கார ஆள் ஒரு பஸ்ஸை வைத்தார். மண்டி என்ற ஊருக்குப் போகிற வழியில் ராஜா காலத்து உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது, வந்ததும் வந்தோம், பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். பஸ்ஸில் ஒரே சண்டை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு உப்பு என்றால் கடல். கடலோரத்திலிருந்து மூட்டையாக வரும், பொரபொரவென்று வெள்ளையாக இருக்கும். புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், "மலையில உப்பா? காதுல பூ சுத்தறான்யா" என்று கடைசிவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மலை அடிவாரத்தில் ஒரு ஓட்டை. இரண்டு பக்கமும் மரத்தூண், மேலே ஒரு மர உத்தரம். கிட்டே போனாலே சில்லென்று காற்று வந்து காலில் மோதியது. கையில் விளக்கோடு ஒல்லியாக ஒருவர் வந்து ஹிந்தியில் ஏதோ சொன்னார். திருப்பதிக்காரர் அதைத் தெலுங்கில் சொன்னார். அக்கா அதை எனக்குத் தமிழில் சொன்னாள். "குனிஞ்சி போவணுமாம். கால் வழுக்குமாம். ஒருத்தர் பின்னால ஒருத்தர் வரணுமாம்." அந்த வாசலில்கூட நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டியிருந்தது, பாருங்கள்.

வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தபோது மரத்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "எனுக்கு மாரு அடைக்குது. நீங்க போங்க, நான் இங்கயே குந்திக்கினு இருக்கறேன்." மூத்தார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஊரில் அத்தனை பேரையும் வாயாலேயே மடக்குகிறவள், அந்த இருட்டைப் பார்த்து ஒரு அடி வைக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். தாண்டும்போது வேண்டுமென்றே திரும்பிப் பார்த்து, "ஜாக்கிரதையா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

உள்ளே வெள்ளையாக ஒன்றுமே இல்லை. சுவர் செங்கல் நிறமும் கறுப்புமாக வரிவரியாக இருந்தது. மேலிருந்து தண்ணீர் சொட்டியது. பழைய காலத்து உளி பட்ட தழும்புகள் சுவரெல்லாம் இருந்தன. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் மண், அப்புறம் உப்பு, கடைசியில் லேசான கசப்பு. வீட்டுக்காரர் ஆண்களோடு முன்னால் போய்விட்டார், இனி எனக்குத் தமிழில் சொல்ல ஆள் இல்லை. விளக்குக்காரர் சொன்னது ஒரு எழுத்தும் புரியவில்லை. புரியாததும் நல்லதாகவே இருந்தது, கண்ணுக்கு மட்டும் வேலை.

ஒரு இடத்தில் புடவை ஓரம் தேங்கிய தண்ணீரில் நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. நின்று பிழிந்தேன். நிமிர்ந்தால் விளக்கு இல்லை. எல்லோரும் ஒரு வளைவில் திரும்பிவிட்டிருந்தார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. கையை முகத்துக்கு நேரே வைத்தால் கை தெரியவில்லை.

பயந்திருக்கவேண்டும். பயம் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாராவது ஒருத்தர் பார்க்கிற இடத்திலேயேதான் நான் இருந்தேன். அடுப்படியில் மாமியார், கொல்லையில் அக்கா, கிணற்றடியில் ஊர். இங்கே ஒரு ஈ காக்காய் என்னைப் பார்க்கமுடியாது. தலையிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டேன். காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என்ன தோன்றியதோ, என் பெயரை நானே உரக்கக் கூப்பிட்டேன். வாக்கப்பட்ட வீட்டில் எனக்குப் பெயர் கிடையாது. சின்னவளே, ஏ மே, இவ்வளவுதான். கூப்பிட்டதும் மலைக்குள்ளிருந்து என் பெயர் திரும்பி வந்தது. என் அம்மா கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரர் விளக்கோடு ஓடிவந்தார். "எங்க பூட்டே? கத்தினியா?" "கால் வழுக்கிச்சி" என்றேன். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன். வெளியே வரும்போது ஆளுக்கொரு உப்புக் கட்டி கொடுத்தார்கள். என் கட்டி உள்ளங்கை அகலம், நடுவில் ஊதாக் கோடு ஒன்று ஓடியது. அக்கா பாறைமேலிருந்து எழுந்து என்னையே உற்றுப் பார்த்தாள். நான் கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

திரும்பும்போது மலை வளைவுகளில் எனக்குக் குமட்டல். ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டேன். ஆனால் காது கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொருவரையாகப் பிடித்து விசாரித்தாள். "மேலருந்து தண்ணி சொட்டிச்சா? சொட்டறப்ப சத்தம் இன்னா மாதிரி வந்திச்சி?" "செவுரு சொரசொரன்னு இருந்திச்சா, வழவழன்னு இருந்திச்சா?" பாவம், போகமுடியாத ஏக்கத்தில் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் அங்கேயே கதை சமைக்கக் காய் நறுக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்ததும் எங்கள் வழக்கப்படி கங்கைச் செம்புக்குப் பூசை போட்டு உறவு முறையை அழைத்துச் சோறு போட்டோம். காசியிலிருந்து வந்தவர்களை உட்காரவைத்துக் கதை கேட்பார்கள். யாரோ, "அந்த உப்புக்கட்டி இன்னாது?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், அக்கா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மலைக்கு ஒரு வாயி இருக்குதும்மே. அந்த வாயில காத்து வந்து போவுது, தூங்கற ஆளு மூச்சு உடறாப்பல. உள்ள குனிஞ்சி நொழையணும். செவுரு இன்னா நெறம்னு நெனைக்கறீங்க? பனவெல்லம்! பனவெல்லத்துல கட்டின செவுரு. ஆனா நாக்குல வெச்சா உப்பு."

சபையே வாயைப் பிளந்தது. பனைவெல்லம்! அதே நிறம்தான், அச்சு அசல். நான் கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன், நக்கியும் பார்த்தேன். எனக்கு அது தோன்றவில்லையே! வாசலில் உட்கார்ந்து டீ குடித்தவளுக்குத் தோன்றியிருக்கிறதே! அன்று என் இலைச் சோற்றை அப்படியே மாட்டுக்குக் கொட்டினேன்.

அப்போதும் அவள் பொய் சொல்லவில்லை. உள்ளே போனால் இப்படி இருக்கும் என்றுதான் சொன்னாள். கதை ஊரைச் சுற்றிவர வர, இப்படி இருந்தது என்றாயிற்று. ஆடிப் பதினெட்டுக்கு வந்த கூட்டத்தில், "நான் கையை வெச்சிப் பாத்தன்" என்றாள். நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கரண்டியை எண்ணெயில் போட்டுவிட்டேன்.

தறிக்காரர் வீட்டுப் பெண்கள் நூல் சுற்றிக்கொண்டே கேட்பதற்கு அவளை அழைத்தார்கள். தெலுங்குக்கார வீடுகளில் அவளுக்குத் தனிப் பாய் போட்டுக் காப்பி கொடுத்தார்கள். அங்கே தெலுங்கில் சொல்வாள், எனக்குப் பாதி புரியாது. புரியாமலே எரியும். ஊரில் எந்த வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று கேட்டு எழுத ஒரு சர்க்கார் ஆள் வந்தார். அவருக்கும் மோரைக் கொடுத்து உப்புச் சுரங்கத்தை ஆரம்பித்துவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். எங்கள் வீட்டுப் பாஷை என்னவென்று எழுதிக்கொண்டு போனாரோ, யார் கண்டது? உப்பு என்று எழுதியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

என் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். "உள்ள போனது நானா, அவங்களா?"

"நீதான்."

"அவங்க போனாப்பல சொல்லிக்கினு திரியறாங்களே!"

"உடு. சொல்றதுக்கு ஒரு ஆளு வோணும் இல்ல?"

இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தினேன் என்றால் என் பொறுமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூத்தாராவது பெண்டாட்டியைக் கண்டிப்பாரா என்று பார்த்தேன். அவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தான் உள்ளே போய்வந்ததையே மறந்துவிட்டு, அவள் சொல்வதைக் கேட்டு மூக்கின்மேல் விரல் வைத்துக்கொண்டிருந்தார்.

சரி, நாமும் சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு நாள் கிணற்றடியில் ஆரம்பித்தேன். "உள்ள இருட்டா இருந்திச்சி. ஈரமா இருந்திச்சி. சில்லுனு இருந்திச்சி." அதற்கு மேல் வரவில்லை. குடம் தூக்கிய ஒருத்தி, "உங்க அக்கா சொல்வாங்களே, தண்ணி சொட்டறப்ப மலையே ஒண்ணு ரெண்டு எண்ணறாப்பல இருந்திச்சின்னு, அத்த சொல்லேன்" என்றாள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த ஊதாக் கோட்டுக் கட்டி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கொண்டுவந்த கட்டிகளை அக்கா கதை கேட்க வந்தவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தே தீர்த்துவிட்டாள். என்னுடையதைப் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் அதற்கு வேர்க்கும். எடுத்துத் துடைத்து மறுபடியும் வைப்பேன்.

அந்த மழைக்காலத்திலேயே அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயம் கொடுத்தோம், டாக்டர் ஊசி போட்டார், இறங்குவது போல இறங்கி ஏறியது. மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஊரெல்லாம் அவ வாயயே பாத்துக்கினு கெடந்தா கண்ணு படாம இன்னா பண்ணும்? சுத்திப் போட்டுடலாம்." மிளகாய் எடுத்தார், கடுகு எடுத்தார், முச்சந்தி மண் எடுத்துவரச் சொன்னார். உப்புப் பானையில் கை விட்டவர், ஏதோ நினைத்துக்கொண்டு கையை வெளியே எடுத்தார்.

"ஏ சின்னவளே, உங்கிட்ட அந்த மலை உப்பு இருக்குதில்ல? ஜ்வாலாமுகி அம்மன் பூமி. அதுல சுத்தினா நின்னு பேசும். கொண்டா."

"அது தீர்ந்து போச்சி அத்தே" என்று சொல்ல வாய் எடுத்தேன். மாமியார் சாவிக்கொத்து என்னுடைய டிரங்குப் பெட்டியையும் திறக்கும். கொண்டுவந்து கொடுத்தேன். அம்மிக்குழவியால் ஒரே போடு போட்டார். ஊதாக் கோடு நான்காக உடைந்தது. என் உப்பு, என் எதிரி தலையைச் சுற்றுவதற்கு! நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, ஊர்க் கண், உறவுக் கண் என்று முணுமுணுத்துக்கொண்டே மாமியார் சுற்றினார். மூன்று முறை துப்பச் சொன்னார். தணல் எரிகிற சட்டியில் எல்லாவற்றையும் கொட்டினார். மிளகாய் கருகியது, கடுகு பொரிந்தது. நாங்கள் உப்புக்காகக் காத்திருந்தோம். எங்கள் வீட்டில் உப்பு விழுந்தால் படபடவென்று வெடிக்கும். வெடிக்க வெடிக்கத்தான் கண் கழிகிறது என்று கணக்கு.

வெடிக்கவில்லை. தணலில் கல்லு மாதிரி கிடந்தது. மாமியார் ஊதிப் பார்த்தார், குச்சியால் கிளறிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

இதற்குக் காரணம் வெகுகாலம் கழித்து, படித்துவிட்டு வந்த என் மகள் சொன்னாள். கடல் உப்புக்குள் துளித்துளியாகத் தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்குமாம், சூடு பட்டால் அதுதான் உடைத்துக்கொண்டு வருமாம். மலை உப்பு காலம் காலமாக அழுந்திக் காய்ந்த கல், அது எங்கே வெடிக்கும்? அன்றைக்கு எங்களில் யாருக்குத் தெரியும்? மாமியார் மெல்ல நிமிர்ந்தார்.

"ஊரு கண்ணா இருந்தா வெடிச்சிருக்கும். இது வூட்டுக் கண்ணு."

வீட்டில் இருந்த பெண்கள் மூன்று பேர். ஒருத்தி காய்ச்சலில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தர் சுற்றிக்கொண்டிருக்கிறார். மாமியார் என்னைப் பார்க்கவில்லை, அது பார்ப்பதைவிட மோசம். சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டார். சரியாகச் சொல்லிவிட்டதே அந்தக் கல்லு என்று எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீயா கண்ணு போட்டே?"

"ஆமா, நான்தான் போட்டேன்" என்றேன். இனி எதற்கு ஒளிக்கவேண்டும்? "உள்ள போனது நான். மூச்சு முட்டக் குனிஞ்சி நடந்தது நான். நீங்க வாசல்ல குந்திக்கினு டீ குடிச்சிட்டு இங்க வந்து ராணி மாதிரி சொல்லிக்கினு இருக்கறீங்க. எனுக்கு எரியுது. ராத்திரி பகல் எரியுது. போதுமா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் வாயோடு சிரித்தாள். "நான் உனுக்கு அன்னிக்கே போட்டுட்டன்டி. நீ என்னத் தாண்டி உள்ள போனே பாரு, அப்பவே."

நான் போர்வையை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"எல்லாரையும் கேட்டன். தண்ணி எப்பிடி சொட்டிச்சி, செவுரு எப்பிடி இருந்திச்சி, எல்லாம் கேட்டன். எல்லாம் எங்கிட்ட இருக்குது. ஆனா நீ வெளிய வரப்ப உன் மூஞ்சி வேற மாதிரி இருந்திச்சி. ஆம்பளைங்க மூஞ்சி எதுவும் அப்பிடி இல்ல. அது இன்னான்னு யாரக் கேக்கறது? நீ தொண்டய தொறக்கல. நான் எத்தினி சொன்னாலும் அந்த எடம் மட்டும் ஓட்டையாவே நிக்குது." போர்வையை இழுத்துக்கொண்டாள். "உள்ள இன்னாடி இருந்திச்சி? ஒரு தபா சொல்லு. நான் யாருக்கும் சொல்லமாட்டன்."

ஊருக்கு வந்ததிலிருந்து என்னை ஒருவரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர்கூடக் கேட்கவில்லை. கேட்டவள் இவள் ஒருத்திதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். விளக்கு போனது, முந்தானையை எடுத்தது, என் பெயரைக் கூப்பிட்டது, அது இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரி மொட்டையாகச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதானா" என்றாள். இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டது. கண் கழிந்தது என்று மாமியார் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கொஞ்ச காலம் அவள் சுரங்கத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். எல்லைத் தகராறும் ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். என் அம்மா வீடு வேறு ராஜ்ஜியமாகிவிட்டது என்று நான் ஒரு பாட்டம் அழுதேன்.

என் பையனுக்குத் திருமலையில் முடி இறக்கினோம். இறங்கி வந்து திருப்பதியில் ஒரு சத்திரத்தில் சாப்பாடு. என் பிள்ளை, என் விசேஷம். சித்தூரிலிருந்து, நகரியிலிருந்து எல்லாம் வந்திருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் அம்மா வீட்டு ஜனங்களும் வந்திருந்தார்கள், என் சொந்த அம்மா, சித்தி, பெரியம்மா எல்லோரும். நான் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தேன். கூடத்தின் நடுவில் பெண்கள் வட்டம் கட்டிவிட்டார்கள். என் சித்திதான் கேட்டாள். "அந்த உப்பு மலைக்கதை சொல்லேம்மா, கேட்டதே இல்ல." என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டாள்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாய், மூச்சு, பனைவெல்லச் சுவர் எல்லாம் வந்தன. அப்புறம் சற்று நிறுத்தி, ஒரு தரம் என் பக்கம் பார்த்தாள். நான் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"பொடவ நனைஞ்சி போச்சி. நின்னு பிழியறன். நிமுந்து பாத்தா விளக்கு இல்ல."

அடிப் பாவி! யாருக்கும் சொல்லமாட்டன் என்றாளே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து அவள் கொண்டையைப் பிடித்து ஆட்டியிருப்பேன். மடியில் பிள்ளை தூங்கியது. அம்மா முன்னால், அவ்வளவு உறவு முன்னால், என்னவென்று கத்துவேன்? அது நான் என்றா? யார் நம்புவார்கள்? அவள் சொல்லிக்கொண்டே போனாள். முந்தானையை எடுத்தாள், காலை அகட்டி நின்றாள். கூடத்தில் சோற்றுப் பாத்திரம் இழுக்கிற சத்தம்கூட இல்லை. பந்திக்காரர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல. மனுச வாடையே இல்ல. வாக்கப்பட்டு வந்ததுலருந்து ஒருத்தர் கூப்பிடாத பேரு. நானே கூப்பிட்டன்." அப்படியே தலையை நிமிர்த்தி, அந்தச் சத்திரம் முழுக்கக் கேட்கிற மாதிரி, தன் பெயரைக் கூப்பிட்டாள்.

அத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறேன். அவள் பெயரை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். நல்ல பெயர். வட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அங்கேயே நிறுத்திவிட்டுக் குனிந்து வெற்றிலையை மடித்தாள். நான் கூப்பிட்டபோது மலை பதில் சொன்னது எனக்குத் தெரியும், அது எப்படி வந்தது என்று அவளுக்குச் சொன்னதே நான்தான். ஆனாலும் அவள் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு பேசாமல் இருக்க இருக்க எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்தில் முதலில் குரல் கொடுத்தது நான்தான்.

"அப்பறம் இன்னாக்கா ஆச்சி?" என்றேன்.